சுப்பையா ஆற்றிய ஒயின்

பார் கவுண்டருக்குப் பின்னால் புதிதாக வந்து நிற்கும் தம்பிகளே, தங்கச்சிகளே, எதில் எத்தனை மில்லி ஊற்ற வேண்டும் என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். அதெல்லாம் உங்கள் கைப்பேசியிலேயே கிடக்கிறது. என்னைவிட அழகாகப் படம் போட்டுக் காட்டுகிறார்கள். அதிலும் ஸ்பார்க்ளிங் ஒயினில், அதாவது நுரைக்கிற ஒயினில், பழம் ஊறவைத்த இனிப்பு மதுவான லிக்கரைச் சேர்ப்பதைப் போலச் சுலபமான வேலை நம் தொழிலிலேயே கிடையாது. நெட்டைக் கிளாஸின் அடியில் கொஞ்சம் லிக்கர், அதன் தலையில் ஜில்லென்று ஒயின். முடிந்தது. கரண்டிகூட வேண்டாம். ஒயின் பொங்கிக்கொண்டு மேலே வரும், அடியில் கொஞ்சம் சிவப்பு தங்கி நிற்கும். அந்தச் சிவப்புதான் அழகே. தூங்கிக்கொண்டே செய்யலாம்.

அப்பேர்ப்பட்ட வேலையில் நாங்கள் ஒரு கல்யாணத்தையே கவிழ்க்கப் பார்த்தோம். அதைத்தான் சொல்லப் போகிறேன். இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிரிப்பு அடங்குவதில்லை. என் மனைவி, "தனியா உக்காந்து என்ன இளிப்பு வேண்டிக்கெடக்கு?" என்று கேட்கும்போதெல்லாம் பெரும்பாலும் இந்தக் கதைதான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கும்.

நான் காரைக்குடிக்காரன், தச்சர் வீட்டுப் பிள்ளை. அப்பா கதவு செய்தார், அண்ணன் கட்டில் செய்கிறார், நான் மட்டும் கிளாஸ் துடைக்கப் போனேன். புதுச்சேரியில் பல வருஷம் பார் வேலை. பிறகு ஊருக்கே திரும்பி வந்து, பழைய செட்டிநாட்டு வீடு ஒன்றை ஹோட்டலாக மாற்றியிருந்தார்களே, அங்கே ஓய்வு பெறும்வரை நின்றேன். சொந்தக்காரர்களிடம் எங்கள் வீட்டில் இன்றுவரை நான் ஜூஸ் கடையில் இருந்ததாகத்தான் பேச்சு. நானும் மறுப்பதில்லை. பழச்சாறு இல்லாமலா போய்விட்டது?

கல்யாணப் பெண் பெயர் உமையாள். பிரான்சுக்குப் படிக்கப் போன இடத்தில் மத்தியாஸ் என்ற பையனைப் பிடித்துப்போய், இரண்டு வீட்டிலும் சம்மதம் வாங்கி, ஊருக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். தாலி கட்டுவது காலையில் அவர்கள் பூர்வீக வீட்டில். சாயங்கால வரவேற்பு எங்கள் ஹோட்டல் முற்றத்தில். பெண் வீட்டில் ஊரே திரண்டிருந்தது. மாப்பிள்ளை வீட்டிலிருந்து வந்தது ஒரே ஓர் ஆள். அவன் அம்மா. பெயர் ஒதில். கணவர் இறந்துவிட்டார், வேறு பிள்ளைகள் இல்லை, உறவுக்காரர்களுக்கு இவ்வளவு தூரம் வர முடியவில்லை.

ஒரே ஒரு சம்பந்தியம்மா, கவனிக்க நூற்றுக்கணக்கான பேர். அந்த அம்மா என்ன பாடுபட்டிருப்பார் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். நம் பக்கத்தில் சம்பந்தி வந்தால் ஒரு துரும்பைத் தூக்கவிடுவார்களா? அவர் எழுந்தால் நான்கு பேர் எழுந்தார்கள். குனிந்து செருப்பை எடுக்கப் போனால் யாரோ அதற்குள் எடுத்து வைத்துவிட்டார்கள். இலையில் ஒரு பலகாரம் தீர்வதற்குள் அடுத்தது வந்து விழுந்தது. இந்தப் படைக்குத் தளபதி சிகப்பி ஆச்சி. உமையாளின் அப்பாவுக்கு அக்கா. அந்தக் குடும்பத்தில் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. நல்ல மனசு, ஆனால் உபசரிப்பில் போலீஸ்காரர்.

கல்யாணத்துக்கு முதல் நாள் மத்தியானம் ஒதில் பாருக்கு வந்தார். ஸ்வெட்டரில் சுற்றி ஒரு பாட்டிலைக் குழந்தையைப்போல மார்போடு அணைத்திருந்தார். எனக்குப் புதுச்சேரியில் பொறுக்கிய பிரெஞ்சு கொஞ்சம் தெரியும். பாதி சொல், பாதி கை. அது போதும் என்று தெரிந்ததும் அந்த அம்மா நாற்காலியில் உட்கார்ந்து கொட்டித் தீர்த்துவிட்டார்.

பாட்டிலில் இருந்தது அவர் வீட்டில் ஊறப்போட்ட பழ லிக்கர். நம் நாவல் பழத்துக்கு ஒன்றுவிட்ட தங்கை மாதிரி, கறுப்பாக, குண்டுமணி அளவில் ஒரு பழம். கணவர் நட்ட செடிகளில் காய்த்தது. அவர் இருந்தவரை அவர்தான் ஊறப் போடுவாராம். அவர் போன பிறகு முதல் தடவையாக இந்த அம்மா தனியாகச் செய்திருக்கிறார், மகன் கல்யாணத்துக்காக. பெண் வீட்டுச் சாமான்களை எல்லாம் பரப்பி வைத்திருந்த கூடத்தில், வெள்ளிக்கும் பித்தளைக்கும் ஓரமாகக் காலையில் கொண்டுபோய் வைத்தாராம். இருமல் மருந்து என்று நினைத்து சிகப்பி ஆச்சி அதை மருந்து அலமாரியில் எடுத்து வைத்துவிட்டார். ஒதில் அதைத் தேடிக் கண்டுபிடித்து மீட்டுக்கொண்டு நேரே என்னிடம் வந்திருக்கிறார்.

"எங்கள் பக்கத்தில் இதை நுரை ஒயினோடு சேர்த்து, கல்யாணத்தில் வீட்டுக்காரர்களே வந்தவர்களுக்குக் கொடுப்போம். நான் என் கையால் கொடுக்க வேண்டும். வந்ததிலிருந்து வாங்கிக்கொண்டே இருக்கிறேன். எனக்கு மூச்சு முட்டுகிறது" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

"உங்கள் கையால்தான் மதாம். அது என் பொறுப்பு" என்று வாக்குக் கொடுத்தேன். வாக்கு கொடுக்கும்போது நெஞ்சு எப்போதும் ஓர் அங்குலம் விரியும், கவனித்திருக்கிறீர்களா? அடுத்த நாள்தான் சுருங்கும்.

அன்றைக்குச் சாயங்காலமே பெண்ணின் அப்பா வந்தார். கதவைச் சாத்திவிட்டு, சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"யப்பா, நாளைக்கு ஒரு கிளாஸ் குடிக்கிறேன்னு மகளுக்கு வாக்குக் குடுத்துப்புட்டேன். சம்பந்தியம்மா மனசு நோகக் கூடாதுல்ல. நான் வாழ்க்கையில தொட்டதில்ல. ஒருக்கா பழகிப் பாத்துக்கிறேன், ஊத்து."

ஓர் ஒயின் பாட்டிலைத் திறந்து, சம்பந்தியம்மாவின் லிக்கரில் கொஞ்சம் சேர்த்து ஊற்றிக் கொடுத்தேன். அவர் நம் பக்கத்து மனுஷர். எச்சில் படக் கூடாது என்று தண்ணீரோ காபியோ எதுவானாலும் அண்ணாந்துதான் குடித்துப் பழக்கம். நான் வாயைத் திறப்பதற்குள் கிளாஸை ஒரு முழம் உயரே தூக்கி, தலையைச் சாய்த்து, நுரைத்துப் பொங்குகிற ஒயினை நேரே தொண்டைக்குள் இறக்கினார். அது பாதி வழியிலேயே திரும்பி மூக்கு வழியாக வந்தது. ஒரு தும்மல். கவுண்டரில் அடுக்கியிருந்த கிளாஸ்கள் எல்லாம் கணகணவென்று அதிர்ந்தன. வெள்ளை வேட்டி செம்பருத்தி கலராகிவிட்டது.

"கடிக்கிதுய்யா!" என்றார் கண்ணில் நீர் வழிய. "இதையா காசு குடுத்துக் குடிக்கிறாக?"

"உதட்டுல வச்சுக் குடிக்கணும்ணே."

"உதட்டுலயா? ஆச்சி பாத்தா அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். நான் கவுண்டருக்கு அடியில் குனிந்து வயிறு வலிக்கச் சிரித்தேன்.

மறுநாள் சாயங்காலம். முற்றத்து ஆத்தங்குடித் தளத்தைக் கண்ணாடியாகத் துடைத்து வைத்திருந்தார்கள். ஒரு பக்க வராந்தாவில் என் மேஜை. பக்கத்திலேயே காபி மேஜை. அங்கே சுப்பையா மாஸ்டர். சிங்கம்புணரிக்காரர், என் வயசு. காபி ஆற்றுவதில் எங்கள் ஹோட்டலுக்கே அவர் ஒரு விளம்பரம். வெள்ளைக்காரர்கள் வரிசையில் நின்று படம் எடுப்பார்கள். ஆள் யாரிடமும் அதிகம் பேச மாட்டார். ஆனால் தன் கையைத் தாண்டிப் போகிற எதுவும் அரைகுறையாகப் போகக் கூடாது என்பதில் வெறி பிடித்தவர்.

எல்லாக் கிளாஸிலும் அந்த அம்மாவின் லிக்கரைப் பங்கிட்டேன். பாட்டில் காலியாயிற்று. ஐஸில் ஒயின் பாட்டில்கள் காத்திருந்தன. ஜோடி முற்றத்துக்குள் வந்ததும் சட்டென்று ஒயினை ஊற்ற வேண்டும், ஒதில் தட்டைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். இதுதான் ஏற்பாடு.

"மாப்பிள்ளை பொண்ணு வந்தாச்சு!" என்று வாசலில் ஒரு குரல். என்னோடு நின்ற இரண்டு பேரும் நானும் பரபரவென்று எல்லாப் பாட்டிலையும் திறந்து ஊற்றிவிட்டோம். வந்தது வேறு ஏதோ ஜோடி. உமையாளுக்கு இன்னும் தலைப் பின்னல் முடியவில்லையாம். ஒரு குரலை நம்பி அத்தனை பாட்டிலையும் திறந்தேன் பாருங்கள், அதை மட்டும் நீங்கள் செய்யாதீர்கள். கண்ணால் பார்த்த பிறகு திறங்கள். நுரைக்குக் காத்திருக்கத் தெரியாது, மனுஷர்களுக்குத் தெரியும்.

அதே நேரத்தில் கூடத்திலிருந்து ஆள் வந்தது. "அண்ணே, சம்பந்தியம்மாவும் ஆச்சியும் ஒரு தட்டைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு இருக்காக. ரெண்டு பேரும் சிரிச்ச முகமாத்தான் இருக்காக, ஆனா விட மாட்டேங்கிறாக. நீங்க வந்து பாஷை பேசுங்க." என்னோடு நின்றவர்கள் பந்தல் பக்கம் போய்விட்டார்கள். நான் சுப்பையாவைப் பார்த்து, "மாஸ்டர், கொஞ்சம் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

நல்ல வேலைக்காரனிடம் "பார்த்துக்கொள்ளுங்கள்" என்று மொட்டையாகச் சொல்லாதீர்கள். சோம்பேறியிடம் சொன்னால் ஆபத்தே இல்லை, அவன் பார்த்துக்கொண்டு மட்டும்தான் இருப்பான்.

கூடத்தில் என் பிரெஞ்சு எடுபடவில்லை. தட்டு ஆச்சி கைக்குப் போயிருந்தது. "சம்பந்தியம்மா தட்டுத் தூக்குனா நாளப்பின்ன நாலு பேரு என்ன பேசுவாக?" என்று ஆச்சி கேட்க, நான் தலையைச் சொறிய, ஒதில் முகம் வாடிப்போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். சரி, கிளாஸையாவது பார்ப்போம் என்று வராந்தாவுக்குத் திரும்பினேன்.

மேஜையில் என் நெட்டைக் கிளாஸ்கள் எல்லாம் கழுவிக் கவிழ்த்து வரிசையாக இருந்தன. பக்கத்தில் எவர்சில்வர் டம்ளர்கள் அணிவகுத்து நின்றன. நடுவில் சுப்பையா இரண்டு பெரிய ஜக்குகளை வைத்துக்கொண்டு, ஒன்று தலைக்கு மேலே, ஒன்று இடுப்புக்குக் கீழே, கடைசித் தவணையை ஆற்றிக்கொண்டிருந்தார். நடுவில் செக்கச்செவேலென்று ஒரு பட்டுக் கயிறு. என் வாழ்க்கையில் அவ்வளவு அழகான காட்சியை அவ்வளவு பயத்தோடு நான் பார்த்ததில்லை.

"மாஸ்டர்... என்ன செய்றீக?"

அவர் முகம் பூரித்திருந்தது. "அடியில சாயம் தங்கிப்போச்சுண்ணே. ஒரு கிளாஸ்ல பாத்தேன், எல்லாத்துலயும் அப்படித்தான். கலக்காமக் குடுத்தா மொத வாய் சப்புன்னு இருக்கும், கடைசி வாய் இனிச்சுத் தள்ளும். சீனி கலக்காத காபிய நம்ம மேசையிலருந்து விடலாமா? அந்தக் கிளாஸுல ஆத்த வாய் பத்தல. அதான் ஜக்குல போட்டேன். நுரை வந்துச்சு பாருங்க! இருபது வருசமா ஆத்துறேன், இப்படி ஒரு நுரைய நான் கண்டதில்ல."

"இப்ப எங்க அந்த நுரை?"

அவர் ஜக்கைப் பார்த்தார். டம்ளர்களைப் பார்த்தார். "நல்லாத்தான் வந்துச்சு... அப்புறம் அடங்கிருச்சு" என்றார். குரல் இறங்கிவிட்டது. என் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு விஷயம் புரியத் தொடங்கியது.

ஒரு டம்ளரை எடுத்து வாயில் விட்டேன். செத்த ஒயின். ஒரு குமிழி மிச்சமில்லை. ஐஸில் ஒரு பாட்டில்கூட இல்லை. அடுத்த பாட்டிலுக்கு மதுரைக்குப் போக வேண்டும். போய் வாங்கி வந்தாலும், அதன் அடியில் ஊற்ற அந்த லிக்கர் இந்த நாட்டிலேயே வேறெங்கும் கிடையாது. ஓர் அம்மா, கணவர் நட்ட செடியில் பறித்து, கடல் தாண்டிக் கொண்டுவந்த ஒரே பாட்டில். அது மொத்தமும் சுப்பையாவின் டம்ளர்களுக்குள் தூங்கிக்கொண்டிருந்தது. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டின. எதை முதலில் விடுவது என்று தெரியாமல் விக்கல் எடுத்தது.

மேனேஜர் வந்தார். நிலைமையை ஒரே பார்வையில் பிடித்துக்கொண்டார். கெட்டிக்காரர். "இதுக்கா இப்படி நிக்கிறீங்க? எதிர்க்கடையில பன்னீர் சோடா இருக்கு. கிளாஸ்ல ஊத்தி, மேல சோடாவை விட்டு அனுப்புங்க. யாருக்குத் தெரியப் போகுது?"

சோடா வந்தது. ஒரு கிளாஸில் கலந்தும் பார்த்தேன். பொய் சொல்லக் கூடாது, பார்க்கப் பிரமாதமாக இருந்தது. குமிழி துள்ளியது, கலர் ஜொலித்தது. வாயில் வைத்தால் ஒரே ரோஜா வாசம். கல்யாண வாசலில் பன்னீர்ச் செம்பைப் பிடித்துக்கொண்டு நிற்பார்களே, அந்தச் செம்பையே குடித்த மாதிரி. பழம் இருந்த இடம் தெரியவில்லை.

தம்பிகளே, தங்கச்சிகளே, நம் மேஜையில் நெருக்கடி வரும்போது இப்படி ஒரு சோடா எங்கிருந்தாவது வந்தே தீரும். பார்க்க நன்றாக இருக்கும், யாருக்கும் தெரியாது என்று நல்லவர்களே சொல்வார்கள். அப்போது ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். இந்தச் சரக்கு யாருடையது? ஹோட்டலுடையது என்றால் மேனேஜர் முடிவு செய்யட்டும். அன்றைக்கு அது எங்களுடையதே இல்லை. அந்த அம்மாவுடையது. அவர் கொடுக்க வந்த பழத்தை ரோஜாவில் முக்கி, அவர் கையிலேயே கொடுத்து, அவரையே கொடுக்கச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. இன்னொன்று, அந்த எவர்சில்வர் டம்ளர்களில் இருந்தது பார்க்க அசல் நன்னாரி சர்பத். கூட்டத்துக்குள் விட்டால், மதுவைத் தொடாதவர்கள் தெரியாமல் எடுத்துக் குடித்துவிடுவார்கள். அது சேட்டை இல்லை, துரோகம்.

"நான் போய்ச் சொல்லிட்டு வர்றேன் சார்" என்றேன். மேனேஜர் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனேன். ஒதில் அதே நாற்காலியில்தான் இருந்தார். ஆற்றுவதற்குப் பிரெஞ்சில் என்ன சொல்? எனக்கு இன்றுவரை தெரியாது. "மதாம், தப்பு நடந்துவிட்டது. நுரை போய்விட்டது. எல்லாவற்றிலும்" என்றேன். பிறகு டம்ளரை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு, இல்லாத இரண்டு ஜக்குகளைப் பிடித்துக்கொண்டு தலைக்கு மேலிருந்து முழங்காலுக்கு ஆற்றிக் காட்டினேன். கல்யாணக் கூடத்தில் நான் திடீரென்று ஆடத் தொடங்கியதாக நினைத்து இரண்டு குழந்தைகள் கை தட்டின.

அவர் டம்ளரை எடுத்தார். உதட்டில் வைத்தார். கண்ணை மூடினார். அந்தப் பாட்டிலில் இருந்தது என்னவென்று அறிந்த ஒரே ஆள் நான். அவர் அழுதிருந்தால் நானும் அங்கேயே உட்கார்ந்து அழுதிருப்பேன்.

"பழம் அப்படியே இருக்கிறது" என்றார் மெதுவாக. இன்னொரு வாய் குடித்தார். "குமிழி கடைக்காரனுடையது. பழம்தான் எங்களுடையது." பிறகு கண்ணைத் திறந்து, "அந்த ஆளை எனக்குக் காட்டு" என்றார்.

வராந்தாவுக்கு அழைத்துப் போனேன். சுப்பையா அடிபடப் போகிறவரைப்போல நின்றார். தோள் துண்டு இடுப்புக்கு இறங்கியிருந்தது. "வேணும்னு செய்யல தாயி. சாயம் அடியில தங்கியிருந்துச்சு..." என்று ஆரம்பித்தார். ஒதில் அவர் கையிலிருந்த ஜக்கைச் சுட்டிக் காட்டினார். செய்து காட்டு என்றார். சுப்பையா என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அவர் மிச்சமிருந்த ஒயினைத் தலைக்கு மேலே தூக்கி ஒரே இழுப்பில் இறக்கினார். சொட்டுச் சிந்தவில்லை.

அந்த அம்மா வாய்விட்டுச் சிரித்தார். வந்த நாளிலிருந்து அவர் அப்படிச் சிரித்து யாரும் பார்த்ததில்லை. பட்டுப் புடவையோடு சுப்பையா பக்கத்தில் போய் நின்று, கையை நீட்டி, இரண்டு ஜக்கையும் வாங்கிக்கொண்டார். முதல் தடவை பாதி தரையில், மீதி அவர் புடவையில். இரண்டாவது தடவை என் சட்டையில். "கீழ்க் கைய அசைக்காதீக தாயி, மேல் கை மட்டும்!" என்று சுப்பையா கத்துகிறார், அந்த அம்மா பிரெஞ்சில் கத்துகிறார், ஒருவர் பேச்சு ஒருவருக்குப் புரியவில்லை, ஆனால் மூன்றாவது தடவை இழை நேராக விழுந்தது. வராந்தாவைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. தலைப் பின்னல் முடிந்த உமையாள் மாப்பிள்ளையைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடி வந்து எட்டிப் பார்த்தாள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு சிகப்பி ஆச்சி வந்தார்.

"ஐயையோ! சம்பந்தியம்மா கையில பாத்திரத்தைக் குடுத்தது யாரு? பட்டெல்லாம் நனைஞ்சு நிக்கிறாக! வாங்குங்கடி அதை!"

சிரிப்பு சட்டென்று நின்றது. யாரோ ஒரு பெண் ஜக்கை வாங்க ஓடினாள். ஒதில் அதை நெஞ்சோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓரடி பின்னால் போனார். மேனேஜர் எனக்குக் கண் ஜாடை காட்டினார், வாயை மூடு என்று. ஆச்சி எங்கள் ஹோட்டலுக்குப் பெரிய வாடிக்கை. பார்காரன் அவருக்குப் புத்தி சொல்வதாவது? ஆனால் முதல் நாள் நான் கொடுத்த வாக்கு என்னை விடவில்லை.

"ஆச்சி, கோவிச்சுக்காதீக" என்றேன். "நான்தான் குடுத்தேன். சம்பந்தியம்மா வந்ததுலருந்து நீங்க எல்லாரும் குடுத்துக்கிட்டே இருக்கீக. ஒண்ணு மாத்தி ஒண்ணு. அவுக குடுக்கறதுக்குன்னு ஊருலருந்து கொண்டாந்தது இது ஒண்ணுதான். அவுக வீட்டுக்காரர் வச்ச செடியில காய்ச்ச பழம். இதையும் நம்மளே வாங்கி நம்மளே பரிமாறிட்டா, அவுக வெறுங்கையோடல்ல ஊருக்குப் போவாக?"

ஆச்சி என்னைப் பார்த்தார். பிறகு ஒதிலைப் பார்த்தார். அந்தப் பார்வை எவ்வளவு நேரம் நீடித்தது என்று எனக்குச் சொல்லத் தெரியாது. அதற்குள் நான் வேறு வேலை தேடி, அண்ணனிடம் கட்டிலுக்கு வார்னிஷ் அடிக்கச் சேர்ந்து, சம்பளச் சண்டையும் போட்டு முடித்துவிட்டேன்.

"அது இருமல் மருந்து இல்லையா?" என்று கேட்டார் ஆச்சி.

"இல்ல ஆச்சி."

"இதுல சரக்கு இருக்கா?"

"இருக்கு ஆச்சி. மறைக்கல."

"அப்ப எனக்கு வேணாம். எனக்கு நன்னாரி" என்றார். கூட்டத்தில் ஒரு பெருமூச்சு. ஆச்சி மேஜைக்கு வந்து ஒரு காலி டம்ளரை எடுத்தார். இரண்டு கையாலும் பிடித்து ஒதிலுக்கு முன்னால் நீட்டினார். "ஆனா அவுகளையே ஊத்தச் சொல்லு."

காபி மேஜையில் இருந்த நன்னாரி சர்பத் செம்பை எடுத்து ஒதில் கையில் கொடுத்தேன். அவர் ஊற்றினார். டம்ளர் நிரம்பி விளிம்பைத் தாண்டிக் கொஞ்சம் சிந்தியது. ஆச்சி அண்ணாந்து, ஒரு சொட்டு விடாமல் குடித்து முடித்து, டம்ளரைக் கீழே வைத்தார். அவ்வளவுதான், வரிசை கட்டிவிட்டது. குடிக்கிறவர்கள் ஒரு பக்கம், நன்னாரிக்காரர்கள் ஒரு பக்கம். எந்த வரிசைக்கு என்ன என்று நான் தொண்டை கிழியக் கத்திக்கொண்டே இருந்தேன். ஒதில் இரண்டு பக்கமும் ஓடி ஓடி ஊற்றினார். சுப்பையா ஆற்றிக் கொடுத்துக்கொண்டே இருந்தார். சத்தியமாகச் சொல்கிறேன், ஆற்றுவதற்கு அதில் எதுவும் மிச்சமில்லை. சந்தோஷத்துக்கு ஆற்றினார்.

பெண்ணின் அப்பா தன் முறை வந்ததும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். பயந்துகொண்டே டம்ளரை உயரே தூக்கி, கண்ணை இறுக மூடி, அண்ணாந்து விட்டார். தொண்டை அசைந்தது. ஒன்றும் நடக்கவில்லை. ஒரு கண்ணைத் திறந்தார்.

"நேத்து மாதிரி கடிக்கலையேய்யா!" என்று கத்தினார். "இது நல்லா இருக்கே! யாரு செஞ்சது?"

"நேத்தா?" என்றார் ஆச்சி. மனுஷர் கூட்டத்துக்குள் மறைந்துவிட்டார்.

நான் இந்தத் தொழிலில் ஊற்றிய கிளாஸ்களைவிட, அன்றைக்கு அந்த அம்மாவுக்கு விட்டுக்கொடுத்து நான் ஊற்றாத டம்ளர்தான் எனக்குப் பிடித்தது. குமிழி இல்லாத ஸ்பார்க்ளிங் ஒயினை டம்ளரில் கொடுத்து யாராவது பரீட்சை வைத்தால் நான் தோற்றுப்போவேன். ஆனால் நம்மிடம் வருகிறவர்கள் எல்லோரும் குடிக்கத்தான் வருகிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். சிலர் கொடுக்க வருகிறார்கள். அவர்களை அடையாளம் கண்டு, கொஞ்சம் நகர்ந்து இடம் விடுங்கள்.

கடைசி டம்ளரும் தீர்ந்தது. ஒதில் முகமெல்லாம் வேர்வை, புடவையெல்லாம் பழச்சாயம், கொண்டை அவிழ்ந்து கிடந்தது. சிகப்பி ஆச்சி கிட்டே வந்து, தன் கையால் அந்தக் கொண்டையை முடிந்துவிட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அவுககிட்டச் சொல்லுப்பா. நாளைக்குக் காலைப் பலகாரத்துக்கு அவுகளைப் பந்தியில உக்கார விடப் போறதில்ல. நேரத்தோட எந்திரிச்சு வரணும். வெள்ளப் பணியாரம் அவுகதான் பரிமாறணும். சும்மா உக்காந்து திங்கறதுக்கு அவுக என்ன விருந்தாளியா?"

எனக்குத் தெரிந்த பிரெஞ்சை எல்லாம் திரட்டி, ஒரு சொல் விடாமல் சொன்னேன்.

ஒதில் ஆச்சியைப் பார்த்தார். முந்தானையை இழுத்து, ஆச்சி செருகியிருந்த மாதிரியே இடுப்பில் செருகிக்கொண்டு, என்னிடம் கேட்டார்:

"எத்தனை பேருக்கு?"